மங்கோலியாவுக்குப் போன கடுக்காய்: மரபு மருந்தை அறிவியல் எப்படிச் சோதிக்கிறது?

மங்கோலியாவின் புத்த மடங்களில் நீல நிற உடம்போடு ஒரு புத்தர் அமர்ந்திருப்பார். மருத்துவப் புத்தர் அவர்; மங்கோலியர்கள் ஓதோச் மானல் என்று அழைக்கிறார்கள். இடது கையில் ஒரு பாத்திரம், வலது கையில் ஒரு மரக்கிளை. கிளையில் இருக்கும் காய் நமக்குப் பழக்கமானதுதான்: கடுக்காய்.

குளிர்காலத்தில் உறைநிலைக்குக் கீழே 30, 40 டிகிரி வரை இறங்கும் ஊர் அது. அங்கே ஒரு கடுக்காய் மரம்கூட நிற்காது. இந்தியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி, திபெத் வழியாக, பொதிமூட்டையில் போய்ச் சேர்ந்த காய் அது. கூடவே ஒரு மருத்துவ முறையும் போயிருக்கிறது.

மங்கோலிய மருத்துவத்தைப் பற்றி இரண்டு விதமான பேச்சு உலவுகிறது. "ஆயிரக்கணக்கான வருஷத்து ரகசியம், இப்போது அறிவியலே ஒப்புக்கொண்டுவிட்டது" என்பது ஒன்று. "எல்லாம் லாமாக்களின் மந்திர வேலை" என்பது இன்னொன்று. சித்த மருத்துவத்தைப் பற்றி நம்மூரில் நடக்கும் சண்டையும் ஏறக்குறைய இதேதான். இரண்டு பேச்சிலும் விட்டுப்போவது ஒன்று உண்டு. "அறிவியல் ஒப்புக்கொண்டது" என்றால் எதை ஒப்புக்கொண்டது? ஒரு மருந்தைப் பற்றிக் கேட்கக்கூடிய கேள்விகள் பல. ஒரு கேள்விக்குக் கிடைத்த பதிலை இன்னொரு கேள்விக்கு ஒட்டவைக்க முடியாது. மங்கோலிய மருந்துகள் சிலவற்றை வைத்து அதைப் பார்க்கலாம்.

இரண்டு அடுக்கு

மங்கோலிய மருத்துவம் ஒரே பொருளல்ல. அடியில் இருப்பது மேய்ச்சல்காரர்களின் கைவைத்தியம். குதிரையிலிருந்து விழுந்து எலும்பு விலகினால் பிடித்துச் சரிசெய்பவர் பரியாச். நம்மூர் எலும்பு வைத்தியருக்கு நேர். அப்புறம் குதிரைப் பாலைப் புளிக்கவைத்த ஐராக் என்ற பானம், அர்ஷான் எனப்படும் கனிம நீரூற்றுகளில் குளியல், உடம்பின் சில இடங்களில் சூடு வைப்பது. இந்தச் சூட்டு வைத்தியம் திபெத்திய நூல்களில் "ஹோர் மக்களின் சூடு" என்றே குறிப்பிடப்படுகிறது. வடக்கே இருந்த மங்கோலியரை அவர்கள் ஹோர் என்பார்கள். ஆக, சரக்கு ஒரு பக்கமாக மட்டும் போகவில்லை.

மேலடுக்கு, நூல்வழி மருத்துவம். வாக்பட்டரின் ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம் 11-ஆம் நூற்றாண்டில் திபெத்திய மொழிக்குப் போனது. 12-ஆம் நூற்றாண்டில் திபெத்தில் உருப்பெற்ற நான்கு மருத்துவத் தந்திரங்கள் என்ற நூல் அதிலிருந்தும் மற்ற மரபுகளிலிருந்தும் நிறைய எடுத்துக்கொண்டது. 1578-ல் மங்கோலியத் தலைவர் அல்தான் கான் திபெத்திய குருவான சோனம் கியாட்சோவைச் சந்தித்து அவருக்குத் தலாய் லாமா என்ற பட்டத்தைக் கொடுத்தார். அதன்பின் பௌத்தம் புல்வெளியெங்கும் பரவியது. மடங்களில் மன்பா தாட்சன் எனப்படும் மருத்துவப் பள்ளிகள் தோன்றின.

மருந்துப் பெயர்களைப் பார்த்தாலே இந்தப் பயணம் தெரியும். கடுக்காய் திபெத்திய மொழியில் அருரா, தான்றிக்காய் பருரா, நெல்லிக்காய் கியுருரா. மூன்றும் சேர்ந்தால் நம் திரிபலா. அங்கும் அது மூன்று கனிக் கூட்டுதான். திப்பிலிக்குப் பிபிலிங். குங்குமப்பூவுக்குக் குர்கும். கற்பூரத்துக்குக் கபூர். சாதிக்காய்க்கு ஜாதி. கூட்டு மருந்துக்குப் பெயர் வைப்பதும் எளிது: தலையாய சரக்கின் பெயர், பக்கத்தில் மொத்தச் சரக்குகளின் எண்ணிக்கை. அகர்-35 என்றால் அகில் கட்டை முதன்மையாக 35 சரக்கு. பெட்டியின் மேலேயே பட்டியலின் நீளம் தெரிந்துவிடுகிறது. நம் கடைகளில் விற்கும் லேகியங்களுக்கும் இப்படிச் செய்திருக்கலாம் என்று தோன்றும்.

1930-களின் கடைசியில் மங்கோலிய மக்கள் குடியரசில் மடங்கள் இடிக்கப்பட்டன, ஆயிரக்கணக்கான லாமாக்கள் கொல்லப்பட்டார்கள். மருத்துவர்களும் நூல்களும் அதோடு போயின. 1990-ல் ஜனநாயகம் வந்தபிறகே இந்த மருத்துவம் வெளிப்படையாகத் திரும்பியது. 1999-ல் அதை வளர்க்க அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு கொள்கையை ஏற்றது. எல்லைக்கு இந்தப் பக்கம், சீனாவின் உள் மங்கோலியாவில், கதை வேறு. அங்கே அது மருத்துவமனைகளுக்கும் கல்லூரிகளுக்கும் உள்ளேயே வளர்ந்தது. இன்று வெளிவரும் ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பங்கு அங்கிருந்துதான்.

சுருக்கமாக: அடியில் மேய்ச்சல்காரர் கைவைத்தியம், மேலே இந்தியாவிலிருந்து திபெத் வழியாக வந்த நூல் மருத்துவம்.

வாயு, பித்தம், கபம்: அங்கேயும்

மங்கோலிய மருத்துவம் உடம்பை மூன்று ஆற்றல்களாகப் பிரிக்கிறது: ஹீ, ஷர், பத்கன். ஹீ என்றால் காற்று. ஷர் என்றால் மஞ்சள், அதாவது பித்தநீரின் நிறம். பத்கன் என்பது கபம். சித்த மருத்துவத்தின் வளி, அழல், ஐயம் என்பதற்கு நேர் வரிசை. மூன்றும் அளவோடு இருந்தால் நலம். ஒன்று கூடினாலோ குறைந்தாலோ நோய்.

இங்கேதான் முதல் குழப்பம் வருகிறது. "ஹீ என்பது நரம்பு மண்டலம், ஷர் என்பது கல்லீரல்" என்று ஒட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. "இந்த மூன்றையும் எந்தக் கருவியும் காட்டவில்லை, ஆகவே மொத்தமும் பொய்" என்பவர்களும் உண்டு. வீட்டுச் சமையலறைக்கு வாருங்கள். பப்பாளி சூடு, வெள்ளரிக்காய் குளிர்ச்சி என்று அம்மா சொல்வார். வெப்பமானியை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வெப்பநிலைதான். அம்மா வெப்பநிலையைச் சொல்லவில்லை. எதைச் சாப்பிட்டால் யாருக்கு என்ன ஆகிறது என்று அவர் கண்டதையும் கேட்டதையும் இரண்டு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். டப்பாவின் மேலிருக்கும் சீட்டுதான் "சூடு", "குளிர்ச்சி". உள்ளே சரியானதும் இருக்கும், தவறானதும் இருக்கும்.

ஹீ, ஷர், பத்கன் அப்படிப்பட்ட சீட்டுகள். நோய்களையும் மருந்துகளையும் வகைப்படுத்தி நினைவில் வைக்க உதவியவை. ஆய்வுக்கூடம் பெரும்பாலும் சீட்டைச் சோதிப்பதில்லை, டப்பாவுக்குள் இருக்கும் பொருளைத்தான் எடுத்துச் சோதிக்கிறது. ஆகவே ஒரு மருந்து வேலை செய்தால் "மூன்று ஆற்றல் கொள்கை நிரூபிக்கப்பட்டது" என்று ஆகிவிடாது. கொள்கைக்குக் கருவியில் ஆதாரம் இல்லை என்பதால் மருந்து வேலை செய்யாது என்றும் ஆகாது. இந்த இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்தது.

ரசம் சளியைப் போக்குமா?

மருந்தை எப்படிச் சோதிப்பார்கள்? மிளகு ரசத்தை எடுத்துக்கொள்வோம்.

முதலில் அதில் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். மிளகின் காரத்துக்குக் காரணம் பைப்பரின் என்ற பொருள். இது வேதியியல். அடுத்து, பைப்பரினைக் கண்ணாடித் தட்டில் வளர்க்கும் செல்களில் விடுவார்கள். அப்புறம் எலிக்குக் கொடுப்பார்கள். மூன்றிலும் நல்ல முடிவு வந்தாலும் "ரசம் குடித்தால் என் சளி போகுமா" என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. தட்டில் ஊற்றிய அளவு என் ரத்தத்துக்கு வந்து சேருமா? எலிக்கு நடந்தது எனக்கு நடக்குமா? தெரியாது. மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கொடுத்துப் பார்ப்பதிலும் ஒரு வில்லங்கம். சளிக்கு மருந்து சாப்பிட்டால் ஒரு வாரத்தில் போகும், சாப்பிடாவிட்டால் ஏழு நாளில் போகும் என்று நாம் கேலியாகச் சொல்வதுண்டு. மருந்தால் போனதா, தானாகப் போனதா என்று பிரிக்க, மருந்து எடுக்காத, மற்ற எல்லா வகையிலும் ஒத்த இன்னொரு கூட்டம் வேண்டும். அதுதான் ஒப்பீட்டுக் குழு. யார் எந்தக் கூட்டத்தில் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள்; இல்லாவிட்டால் திடமானவர்கள் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துவிடக்கூடும். முடிந்தால் அந்தக் கூட்டத்துக்கும் பார்வைக்கும் சுவைக்கும் மருந்து மாதிரியே இருக்கும், மருந்தில்லாத ஒன்றைக் கொடுப்பார்கள். அது வெற்று மருந்து. "மருந்து சாப்பிட்டிருக்கிறோம்" என்ற எண்ணமே தரும் தெம்பைக் கழிக்கத்தான் இது.

புல்வெளியிலேயே இதற்கு ஒரு கதை இருக்கிறது. மங்கோலியர்களின் ஐராக் பானத்தை ரஷ்யப் புல்வெளிகளில் குமிஸ் என்பார்கள். 1858-ல் போஸ்ட்னிகோவ் என்ற ரஷ்ய மருத்துவர் சமாரா நகருக்கு அருகே குமிஸ் வைத்திய விடுதியைத் திறந்தார். காசநோயாளிகள் குவிந்தார்கள். எழுத்தாளர் செக்கோவ், அவரே மருத்துவர், 1901-ல் திருமணம் முடிந்த கையோடு மனைவியுடன் பஷ்கீர் புல்வெளியில் இப்படியொரு விடுதிக்குப் போய்க் குமிஸ் குடித்தார். எடை கூடியது. குணமாகிறது என்றுதானே தோன்றும்? 1904-ல் அவர் காசநோயால் இறந்தார்.

குமிஸ் சத்துள்ள பானம்தான். ஆனால் நல்ல காற்று, ஓய்வு, வயிறார உணவு, குமிஸ் எல்லாம் ஒன்றாகக் கிடைத்த இடத்தில் எது என்ன செய்தது என்று எப்படிப் பிரிப்பது? அதற்கு 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு பிரிட்டனில் வெளியான ஆய்வில் 107 காசநோயாளிகள். 55 பேருக்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தும் படுக்கை ஓய்வும். 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் மருந்துக் கூட்டத்தில் 4 பேர் இறந்தார்கள், ஓய்வுக் கூட்டத்தில் 14 பேர். இன்னொரு எண்ணையும் கவனியுங்கள்: ஓய்வு மட்டும் எடுத்த 52 பேரில் 4 பேருக்கு நுரையீரல் படத்தில் பெரிய முன்னேற்றம் தெரிந்தது. அந்த நாலு பேரும் குமிஸ் குடித்திருந்தால் ஊரெல்லாம் குமிஸின் புகழ் பாடியிருப்பார்கள்.

ஓய்வும் உணவும் எவ்வளவு உதவின என்ற மிச்சக் கேள்வியை முடித்து வைத்தது நம் சென்னை. 1956-ல் தொடங்கி 1959-ல் முடிவு வெளியான ஆய்வு அது. நெரிசலான வீட்டில், குறைந்த சாப்பாட்டோடு, வேலையும் பார்த்துக்கொண்டு மருந்து எடுத்தவர்கள், விடுதியில் ஓய்வும் ஊட்டமான உணவுமாக அதே மருந்தை எடுத்தவர்களுக்கு ஏறக்குறைய சமமாகவே குணமானார்கள். உலகெங்கும் காசநோய் விடுதிகளின் காலம் முடிந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

இதுவரை பார்த்தது: என்ன இருக்கிறது, தட்டில் என்ன செய்கிறது, எலியில் என்ன செய்கிறது, மனிதரில் ஒப்பிட்டால் என்ன ஆகிறது. நான்கும் வேறு வேறு கேள்விகள். இனி மங்கோலிய மருந்துக்கு வருவோம்.

கரிட்-5: நஞ்சைக் கடுக்காயில் ஊறவைப்பது

எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த கதை இது. கரிட் என்றால் கருடன். கரிட்-5 மருந்தில் ஐந்து சரக்கு: கடுக்காய், கோஷ்டம், வசம்பு, கஸ்தூரி, ஐந்தாவதாக நாபிக் கிழங்கு. கஸ்தூரி மானைக் காப்பாற்ற வேண்டியிருப்பதால் சீனாவில் இப்போது செயற்கைக் கஸ்தூரி. வீக்கம், வலி, தொண்டைப்புண் ஆகியவற்றுக்குக் கொடுக்கிறார்கள்.

நாபி என்று நம் சித்த மருத்துவர்கள் சொல்லும் இனத்தைச் சேர்ந்த செடி மங்கோலிய மலைகளில் தானாக வளர்கிறது. அதன் மங்கோலியப் பெயர் ஹோர்ஸ். அவர்கள் மொழியில் ஹோர் என்றாலே நஞ்சு (திபெத்தியர் மங்கோலியரைச் சொல்லும் ஹோர் வேறு). அதிலுள்ள அகோனிடின் சில மில்லிகிராம் போதும், ஆளையே முடித்துவிடும். அகோனிடின் ஓர் ஆல்கலாய்டு. செடிகள் உண்டாக்கும், நைட்ரஜன் கொண்ட, பெரும்பாலும் கசக்கும் பொருள்களுக்கு அந்தப் பெயர். காப்பியின் காஃபீனும் அந்தக் குடும்பம்தான்.

அது கொல்வது இப்படி. இதயச் செல்லின் சுவரில் சோடியம் நுழைவதற்கென்று நுண்ணிய கதவுகள் உண்டு. ஒவ்வொரு துடிப்புக்கும் அவை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் திறந்து, சோடியத்தை உள்ளே விட்டு, சட்டென்று மூடிக்கொள்ளும். மூடினால்தான் அடுத்த துடிப்புக்கு ஆயத்தம். அகோனிடின் கதவிடுக்கில் காலைக் கொடுத்து நிற்கும் ஆள் மாதிரி. கதவு மூடாது. சோடியம் வந்துகொண்டே இருக்கும். இதயம் தாளம் தப்பிக் கண்டபடி துடிக்கும். நரம்பிலும் இதே கதவுகள் இருப்பதால் முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும்.

இப்படிப்பட்ட பொருளை மருந்தாக்க என்ன செய்வது? நம் சித்த மருத்துவத்தில் சுத்தி என்று ஒன்று உண்டு: சரக்கின் நஞ்சைப் போக்கும் முன்தயாரிப்பு. மங்கோலிய மருத்துவத்திலும் அது உண்டு. அவர்கள் செய்யும் ஒரு முறை, கிழங்கைக் கடுக்காய்க் கஷாயத்தில் சில நாள் ஊறவைப்பது. ஏன் கடுக்காய்? அங்கே விளையாத, விலை கொடுத்து வாங்க வேண்டிய காயை ஏன் ஊறவைக்கும் நீருக்குப் பயன்படுத்த வேண்டும்? ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

பதிலில் இரண்டு பகுதி. முதலாவது, நீரும் சூடும் செய்யும் வேலை. அகோனிடின் மூலக்கூறில் இரண்டு ஈஸ்டர் பிணைப்புகள் இருக்கின்றன. (பண்டிகை அல்ல, ஓர் அமிலமும் ஓர் ஆல்கஹாலும் கைகோத்திருக்கும் பிணைப்புக்கு அந்தப் பெயர்.) நீரில் வேகவைத்தால் தண்ணீர் அந்தப் பிணைப்புகளை ஒவ்வொன்றாக வெட்டும். சாவியின் பற்களை அரம் வைத்து ராவிவிட்டால் பூட்டுக்குள் போனாலும் திருகாது, அல்லவா? அப்படித்தான். ஒரு பிணைப்பு போனதும் நஞ்சு பெருமளவு இறங்கிவிடும். இரண்டும் போனால் இன்னும் இறங்கும். ஆனால் வீரியமும் கூடவே போகலாம். ஆகவே நிறுத்த வேண்டிய இடம் முக்கியம். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும்: பதம் தப்பினால் எல்லாம் போச்சு. சீன மருந்துத் தர நூல் நாபிக் கிழங்கை வேகவைக்கும் முறைக்குப் பதம் சொல்லும்போது, வெட்டிப் பார்த்தால் நடுவில் வெள்ளை இருக்கக்கூடாது, வாயில் வைத்தால் நாக்கு லேசாக மரக்க வேண்டும் என்கிறது. நாக்குதான் அளவுகோல். இன்று கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் நிறப்பிரிகைக் கருவி அந்த வேலையைச் செய்கிறது. நாக்கைவிட அது நம்பகமானது. இன்னொன்று, கருவி சாகாது.

இரண்டாவது பகுதி கடுக்காய்க்கே உரியது. கடுக்காயைக் கடித்தால் வாய் இழுத்துக்கொள்ளும். அதற்குக் காரணம் டானின், துவர்ப்பு தரும் பொருள். டானினுக்கு எதையாவது பிடித்துக்கொள்ளும் குணம். எச்சிலின் புரதத்தைப் பிடிப்பதால்தான் வாய் வறளுகிறது. தோலின் புரதத்தைப் பிடிப்பதால்தான் தோல் பதனிடக் கடுக்காய் பயன்படுகிறது. நாபியின் ஆல்கலாய்டுகளையும் டானின் பிடித்துக்கொள்கிறது. சேர்ந்தால் எளிதில் கரையாத ஒரு கூட்டுப்பொருள் உண்டாகிறது. ஆகவே விழுங்கிய மருந்திலிருந்து ஆல்கலாய்டு ஒரேயடியாக ரத்தத்துக்குப் போகாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். அதோடு, கடுக்காயின் பொருள்கள் இதயச் செல்லையும் ஓரளவு காக்கின்றன என்று எலிகளில் செய்த சோதனைகள் காட்டுகின்றன. இது இன்னும் எலி மட்டத்துப் பதில்தான்.

இங்கே ஆய்வு எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது? "கடுக்காயில் ஊறவைத்தால் நாபியின் நஞ்சு ஏன் குறைகிறது?" என்ற கேள்விக்கு. நல்ல பதில், தெளிவான வேதியியல். ஆனால் "கரிட்-5 தொண்டைப்புண்ணைக் குணமாக்குமா?" என்பது வேறு கேள்வி. அதற்கு வேண்டியது சீட்டுக் குலுக்கிய மனிதக் கூட்டங்கள். இதுவரை வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை செல்லிலும் எலியிலும் நடந்தவை. முதல் கேள்வியின் பதிலை எடுத்து இரண்டாவது கேள்வியின் மேல் ஒட்டித்தான் "நிரூபணமானது" என்ற தலைப்புகள் வருகின்றன.

(சொல்லித்தான் ஆக வேண்டும்: பதம் தவறிய நாபியால் ஆள் இறந்த செய்திகள் இன்றும் வருகின்றன. வீட்டில் கடுக்காய் இருக்கிறது என்று யாரும் இறங்கிவிட வேண்டாம்.)

கபூர்-25 சுவிட்சர்லாந்துக்குப் போன கதை

மனிதரில் ஒப்பிட்டுப் பார்த்த மருந்தே இல்லையா? இருக்கிறது. பைகால் ஏரிப் பக்கத்து மங்கோலிய இனம் புரியாத் மக்கள். அவர்களில் பட்மாயெவ் குடும்பத்தினர் 19-ஆம் நூற்றாண்டில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய் மருந்துக்கடை வைத்தார்கள். அடுத்த தலைமுறை வார்சாவுக்குப் போனது. அவர்கள் கையிலிருந்த குறிப்புகளில் ஒன்று, கற்பூரம் முதன்மையான கபூர்-25. அதைத் தழுவி, சுவிட்சர்லாந்தில் கார்ல் லுட்ஸ் என்பவர் 1969-ல் தொடங்கிய நிறுவனம் பத்மா 28 என்ற மாத்திரையைச் செய்தது.

இந்த மாத்திரையைப் பல ஆண்டுகள் ஒரு குறிப்பிட்ட தொல்லைக்குச் சோதித்தார்கள். காலுக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியவர்களுக்குக் கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், நின்றால் விடும். சோதனைக்கு வசதியான நோய் இது. வலி வருமுன் எத்தனை மீட்டர் நடக்கிறார்கள் என்று அளந்தால் போதும்.

2016-ல் காக்ரேன் அமைப்பு, அதாவது ஒரு மருந்தின் எல்லா ஆய்வுகளையும் திரட்டி எடைபோடும் அமைப்பு, இதைப் பரிசீலித்தது. கிடைத்தவை ஐந்து ஆய்வுகள், மொத்தம் 365 பேர். முடிவு எந்தக் கட்சிக்கும் சாதகமாக இல்லை: நாலு மாத அளவில் நடக்கும் தூரம் கூடலாம் என்பதற்குச் சில ஆய்வுகளில் ஆதாரம் இருக்கிறது, பக்கவிளைவு பெரிதாகத் தெரியவில்லை, ஆனால் எல்லா நோயாளிக்கும் வழக்கமாகக் கொடுக்கப் பரிந்துரைக்க இந்த ஆதாரம் போதாது.

பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். எனக்கு இது நேர்மையான பதிலாகப் படுகிறது. ஏன் 365 பேர் மட்டும் என்று கேட்டால் பல காரணம். இருபதுக்கு மேற்பட்ட சரக்கு சேர்ந்த மருந்தை ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரே தரத்தில் செய்வதே பெரிய பாடு. செடி எந்த மலையில், எந்த மாதம் பறித்தது என்பதைப் பொறுத்துச் சத்து மாறும். கற்பூர வாசனைக்கு வெற்று மருந்து செய்வதும் லேசல்ல. பழைய குறிப்புக்குக் காப்புரிமை வாங்குவது கடினம் என்பதால் செலவு செய்ய முன்வருபவர்களும் குறைவு. இன்னொரு சிக்கலும் உண்டு. மங்கோலிய மருத்துவர் நாடியைப் பார்த்து, ஒரே கால்வலிக்கு ஒருவருக்கு ஒன்றும் இன்னொருவருக்கு வேறொன்றும் கொடுப்பார். எல்லோருக்கும் ஒரே மாத்திரை கொடுத்துச் சோதித்தால் சோதிக்கப்படுவது மாத்திரைதான், அந்த மருத்துவரின் முறை அல்ல.

பாட்டன் கண்ணுக்குத் தெரியாதது

"நூற்றுக்கணக்கான வருஷமாகச் சாப்பிடுகிறார்கள், ஒன்றும் ஆகவில்லையே?" இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. நாபியின் கதையில் இந்த அனுபவம்தான் வென்றது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் ஆள் விழுந்தால் யாருக்கும் காரணம் புரியும். அதனால்தான் சுத்தி முறையே பிறந்தது. ஆனால் அனுபவத்துக்கு ஒரு குருட்டு இடம் உண்டு. தேள் கொட்டினால் உடனே தெரியும். கரையான் அரித்தது நிலைக்கதவு விழும்போதுதான் தெரியும்.

அரிஸ்டோலோகியா என்ற கொடியினம் அந்தக் கரையான். அந்த இனத்துக் கொடி ஒன்றின் தண்டு சீன மருத்துவத்தில் குவான் முதோங். மங்கோலிய மருந்துகளிலும் அது நெடுங்காலம் சேர்க்கப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் எடையைக் குறைக்க மூலிகை மாத்திரை எடுத்த பெண்கள் அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனைக்கு வந்தார்கள். மாத்திரையில் வேறொரு மூலிகைக்குப் பதில் இந்த இனத்துச் செடி தவறுதலாகக் கலந்திருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நூறைத் தாண்டினார்கள். பின்னாளில் அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது.

காரணம் அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம். உடம்புக்குள் போனதும் அது உருமாறி, செல்லின் மரபுக் குறிப்பேடான டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்கிறது. செல் தன்னைப் பிரதியெடுக்கும்போது ஒட்டிய இடத்தில் எழுத்துப்பிழை விழுகிறது. எந்த எழுத்துக்குப் பதில் எந்த எழுத்து என்பதில்கூட ஒரு தனி முத்திரை இருப்பதால், பல ஆண்டு கழித்துப் புற்றுக்கட்டியை எடுத்துப் பார்த்தாலே "இந்தக் கொடிதான்" என்று சொல்ல முடிகிறது. புற்றுநோய் வர இருபது ஆண்டுகூட ஆகலாம். இருபது ஆண்டுக்கு முன் சாப்பிட்ட கஷாயத்தையும் இன்றைய புற்றுநோயையும் எந்த வைத்தியர் முடிச்சுப் போடுவார்? திறமைக் குறைவு இல்லை. ஒரு மனிதரின் நினைவால், ஒரு மடத்தின் ஏட்டால் பார்க்க முடியாத தூரம் அது. குவான் முதோங்கைச் சீன அரசு 2003-ல் மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கியது.

இதற்கும் நமக்கும் என்ன என்று கேட்கலாம். அரிஸ்டோலோகியா நம்மூரிலும் உண்டு. ஒன்றுக்குப் பெயர் ஈசுரமூலி. பெருமருந்து என்றும் சொல்வார்கள். இன்னொன்று ஆடுதீண்டாப்பாளை. பாம்புக்கடிக்கும் பூச்சிக்கடிக்கும் தோல் நோய்க்கும் காலங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் செடிகள். எதையும் கடிக்கும் ஆடே வாய் வைக்காது என்பதைப் பெயரிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

நாட்டு மருந்துக் கடையில் பொடி வாங்கினால் சரக்குப் பட்டியலில் இந்தப் பெயர்களில் ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஏற்கெனவே உள்ளுக்கு எடுத்திருந்தால், சிறுநீரகப் பரிசோதனைக்குப் போகும்போது எத்தனை நாள், எவ்வளவு எடுத்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். திட்டுவாரோ என்று பலர் சொல்லாமல் விடுகிறார்கள்.